சாமியாருக்கு எதற்கு அரசியல் என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜார்கண்ட் பழங்குடி மக்களுக்காக உழைத்து, 2021ல் விசாரணைக் கைதியாகவே இறந்துபோன அருள்தந்தை ஸ்டேன் சுவாமியின் நினைவு நாள் செய்திக்குப் பிறகு உங்கள் வாசகர் பகுதியில் வந்த இரண்டு கடிதங்களைப் படித்தேன். ஒருவர், பாதிரியார் பூசை வைப்பதோடு நிற்க வேண்டியதுதானே, காட்டுக்குள் போய் எதற்கு அரசியல் பண்ண வேண்டும் என்று கேட்டிருந்தார். இன்னொருவர் கத்தோலிக்கர் என்று அவர் எழுத்திலேயே தெரிந்தது. ஸ்டேன் சுவாமி நல்லவர்தான், ஏழைகளுக்கு உழைத்தவர்தான், ஆனால் அந்தச் சமூகப் பணி வேறு, நம் விசுவாசம் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது என்று எழுதியிருந்தார். முதல் கடிதம் எனக்குப் பழகிய ஒன்று, எந்த ஊர் டீக்கடையிலும் கேட்கலாம். இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அது வெளியே இருந்து வரும் குரல் இல்லை, ஞாயிற்றுக்கிழமை என் பெஞ்சிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குரல். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேன் சுவாமி எங்கள் மாவட்டத்துக்காரர். 1937 ஏப்ரல் 26 அன்று திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர். 20 வயதில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்தார். 1965ல் இன்றைய ஜார்கண்டில், அன்று பிகாராக இருந்த சிங்பூம் பகுதியில், பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் வேலை செய்ய அனுப்பினார்கள். அப்போது அவர் இன்னும் குருப்பட்டம் வாங்காத பயிற்சிக் காலத்து இளைஞர். சாய்பாசா வாரச் சந்தைக்குப் பிள்ளைகளோடு போவார். அவர்களுடைய ஹோ பழங்குடிப் பெற்றோர் காட்டிலும் வயலிலும் விளைந்ததைத் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுவருவதையும், வெளியூர் வியாபாரிகள் விலையில் அவர்களை ஏமாற்றுவதையும் அங்கே கண்ணால் பார்த்தார். ஏமாற்றுகிறான் என்று தெரிந்தும் அந்த மக்கள் வாய் திறக்க முடியாமல் நின்றது அவரை விடாமல் துரத்தியது. அவர் வாழ்க்கை திரும்பியது அங்கேதான் என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எந்தக் கட்சியின் கொள்கை விளக்கக் கூட்டத்துக்கும் போய் அவர் மாறவில்லை. படிக்க வந்த பிள்ளையின் அப்பன் சந்தையில் ஏமாறுவதைப் பார்த்தபின், உள்ளே வகுப்பில் வெறும் பாடம் நடத்திக்கொண்டிருக்க அந்த மனிதரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அதன்பிறகு மணிலாவில் சமூகவியல் படித்தார், 1970ல் குருவானார், திரும்பி வந்து ஹோ கிராமத்திலேயே போய்த் தங்கி அவர்கள் மொழியைப் பேசிப் பழகினார். 1975லிருந்து 1986 வரை பெங்களூர் இந்தியச் சமூக நிறுவனத்தின் இயக்குநர். தென்னிந்தியாவில் அடித்தட்டு மக்களிடையே வேலை செய்த பல பேருக்கு, அதில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் உண்டு, பயிற்சி கிடைத்தது அங்கேதான்.

இந்த ஆண்டுகளைக் கவனித்துப் பாருங்கள். 1971ல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், அதாவது பிஷப்புகளின் உலக அளவிலான கூட்டம், நீதிக்காகச் செயல்படுவது நற்செய்தி அறிவிப்பின் உள்ளடங்கிய பகுதி என்று எழுதி வைத்தது. 1974-75ல் கூடிய இயேசு சபையின் 32வது பொதுப்பேரவை, பேத்ரோ அருப்பே தலைவராக இருந்தபோது, தன் நான்காம் ஆணையில் இன்னும் ஒரு படி மேலே போனது. இன்றைக்கு இயேசு சபையின் பணி விசுவாசத்துக்கு ஊழியம் செய்வது, நீதியை வளர்ப்பது அதற்குக் கட்டாயத் தேவை என்று சொன்னது. இதைச் சொன்னது ஏதோ இடதுசாரிப் பத்திரிகை இல்லை, நம் திருச்சபை, நம் துறவற சபை. சமூகப் பணியையும் விசுவாசத்தையும் குழப்பக் கூடாது என்று எழுதிய அந்த வாசகருக்கு நான் பணிவாகச் சொல்ல விரும்புவது இதுதான்: குழப்பியது ஸ்டேன் சுவாமி இல்லை, ஐயா. இரண்டும் ஒன்று என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தே அனுப்பினார்கள். அவர் அதை நம்பினார். நம்மில் பலர் அந்த ஆவணத்தை நூலகத்தில் வைத்துவிட்டோம்.

சரி, காட்டுக்குள் போய் என்ன அரசியல் பண்ணினார் என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். 1990களின் தொடக்கத்தில் அவர் ஜார்கண்டுக்கே திரும்பிப் போனார். அந்த மண்ணுக்கு அடியில் இரும்பு, நிலக்கரி, செம்பு, யுரேனியம் எல்லாம் இருக்கிறது, மண்ணுக்கு மேலே முண்டா, ஹோ, உராவ், சந்தால் மக்கள் இருக்கிறார்கள். கீழே இருப்பதை எடுக்க வேண்டுமானால் மேலே இருப்பவர்களை நகர்த்த வேண்டும். இதுதான் அங்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கும் கதை. கோயல்-காரோ அணைத் திட்டத்தில் தங்கள் ஊர்கள் மூழ்கப் போகின்றன என்று முண்டா மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். 2001 பிப்ரவரி 2 அன்று தப்காராவில் போலீஸ் சுட்டதில் 8 பேர் செத்தார்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் ஸ்டேன் சுவாமி தொடங்கிய பகாய்சா மையத்தின் வளாகத்தில், வெள்ளையரை எதிர்த்துப் போராடிய பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் சிலை இருக்கிறது, இப்படிப் போராட்டங்களில் உயிர்விட்டவர்களின் பெயர்களைப் பொறித்த கல்லும் இருக்கிறது. நம் கோயில் முற்றத்தில் வேதசாட்சிகளின் பெயரைப் பொறித்து வைப்போமே, அதே மரியாதையை அவர் அந்த மக்களுக்குக் கொடுத்தார்.

அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ஒருமுறை அவற்றை வரிசையாகப் பார்த்தால், இந்த மனிதரைப் பயங்கரவாதி என்று சொன்னவர்களுக்கு என்ன பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணை பழங்குடிப் பகுதிகளுக்கென்று ஆலோசனைக் குழு வைக்கச் சொல்கிறதே, அது உண்மையில் வேலை செய்கிறதா என்று கேட்டார். பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துகளுக்காக 1996ல் வந்த பெசா சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த அதிகாரத்தை ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று கேட்டார். அந்த அட்டவணையில் வரும் பட்டியல் பகுதியில் பழங்குடி நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகைக்கு விடக் கூடாது என்று 1997ல் உச்ச நீதிமன்றம் சமதா வழக்கில் சொன்னதே, அது ஏன் தூங்குகிறது? 2006 வன உரிமைச் சட்டத்தில் ஏன் இத்தனை மனுக்கள் தள்ளுபடி? நிலத்துக்குச் சொந்தக்காரனே அதன் அடியில் உள்ள கனிமத்துக்கும் சொந்தக்காரன் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்க, பழங்குடிக்கு ஏன் ஒன்றும் போய்ச் சேரவில்லை? ஊர்ப் பொது நிலத்தையெல்லாம் அரசின் நில வங்கியில் சேர்த்து யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? இதையெல்லாம் எழுதினார், கூட்டத்தில் பேசினார், ஊர் ஊராக விளக்கினார். முண்டா மக்கள் முன்னோருக்குக் கல் நடும் வழக்கத்தை எடுத்து, அரசியலமைப்பின் விதிகளைப் பெரிய பலகைக் கற்களில் செதுக்கி ஊர் எல்லையில் நட்டார்கள். பத்தல்கடி என்று பெயர். 2018ல் அதைப் பற்றி முகநூலில் எழுதியதற்காக இவர் உட்பட 20 பேர் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. பத்தல்கடி வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அடுத்து வந்த மாநில அரசு 2019 டிசம்பரில் அறிவித்தது.

அப்புறம் சிறைக் கைதிகள் விஷயம். இதுதான் அவர் கழுத்தில் கயிறாக விழுந்தது என்பது என் கருத்து. மாவோயிஸ்டு என்று முத்திரை குத்தி ஜார்கண்ட் சிறைகளில் அடைக்கப்பட்ட பழங்குடி இளைஞர்களைப் பற்றி அவரும் சகாக்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். பேசிப் பார்த்ததில் பெரும்பாலானவர்கள் தங்களுக்கு அந்த அமைப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்றுதான் சொன்னார்கள். விசாரணையும் நடக்காமல், ஜாமீன் போடவும் வழியில்லாமல், குடும்பம் இருந்த ஒரு துண்டு நிலத்தையும் ஆட்டையும் மாட்டையும் வக்கீலுக்கு விற்றுவிட்டு நிற்பதுதான் அவர்கள் நிலைமை. இவர் ஆய்வை அச்சடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. ஜார்கண்ட் உயர் நீதிமன்றத்தில் அரசாங்கத்தை எதிர்த்துப் பொதுநல வழக்கே போட்டார். யார் யார் உள்ளே இருக்கிறார்கள், எத்தனை காலமாக, எதற்காக, கணக்கு சொல் என்று கேட்டார். சிறையிலிருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள் என்று மத்தேயு நற்செய்தியின் 25ம் அதிகாரத்தில் இயேசு சொல்வதை நாம் தவக்காலத்தில் ஒருநாள் சிறைக்குப் போய் பிஸ்கட்டும் சோப்பும் கொடுப்பதாகப் புரிந்துவைத்திருக்கிறோம். அதுவும் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் ஏன் உள்ளே இருக்கிறான் என்று கேட்டால்தான் பிரச்சினை வருகிறது. இவர் கேட்டார்.

வேதாகமத்தில் இதே கதை இருக்கிறது. வார நாள் திருப்பலிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் மாத வாக்கில் நாபோத்தின் வாசகம் வரும். அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம். ஆகாபு அரசன் வந்து, எனக்குக் காய்கறித் தோட்டம் போட இடம் வேண்டும், இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் அதற்குரிய பணம் தருகிறேன் என்கிறான். மாற்று நிலம், இல்லையேல் இழப்பீடு. வார்த்தை மாறாமல் இன்றைக்கும் கிராமத்தில் அதிகாரி வந்து சொல்வது அதேதான். நாபோத்து, இது என் மூதாதையர் சொத்து, தரமாட்டேன் என்கிறான். உடனே அரசி ஈசபேல் அரசனின் முத்திரை வைத்துக் கடிதம் எழுதுகிறாள், இரண்டு பொய்ச்சாட்சி பிடிக்கிறாள், கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று குற்றம் சாட்டி அவனைக் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். தெய்வ நிந்தனையும் தேசத்துரோகமும் ஒரே வழக்கில்! தோட்டத்தைக் கைப்பற்ற அரசன் இறங்கிப் போகிறபோது எதிரே வந்து நிற்கிறார் எலியா. கொலையும் செய்துவிட்டு நிலத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். எலியா செய்தது அரசியலா, ஆன்மீகமா என்று எந்த மறைக்கல்வி ஆசிரியரும் நம்மிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பத்து வயதுப் பிள்ளையே சரியான பதில் சொல்லியிருக்கும்.

பீமா கோரேகான் வழக்கில் என்ன நடந்தது என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். மகாராஷ்டிராவின் பீமா கோரேகானில் 2018ல் நடந்த கலவரத்துக்குப் பின்னால் மாவோயிஸ்டுகள் இருந்தார்கள் என்று போட்ட வழக்கு அது. 2018 ஆகஸ்டிலும் 2019 ஜூனிலும் அவர் அறையைச் சோதனை போட்டார்கள். 2020 அக்டோபர் 8 இரவு என்.ஐ.ஏ. என்கிற தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தது. வயது 83. பீமா கோரேகானுக்குத் தான் போனதே இல்லை என்று சொன்னார். கைதுக்கு முன்பு பதிவு செய்த காணொளியில், எனக்கு நடப்பது எனக்கு மட்டும் நடப்பதில்லை, நாடு முழுக்க எழுத்தாளர், வழக்கறிஞர், மாணவர் தலைவர் என்று பலருக்கும் நடக்கிறது, நான் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் இல்லை, இதில் நானும் ஒரு பங்கு, அதற்கு என்ன விலையோ கொடுக்கத் தயார் என்று நிதானமாகப் பேசுகிறார். அந்தக் காணொளியில் கோபம்கூட இல்லை.

உடல்நிலையோ ரொம்ப மோசம். பார்க்கின்சன் நோயால் இரண்டு கையும் நடுங்கும். காதும் சரியாகக் கேட்காது. டம்ளரைத் தூக்கிக் குடிக்க முடியாது, கீழே சிந்திவிடும். உறிஞ்சுகுழல் வைத்த சிப்பர் குவளை வேண்டும் என்று நவம்பர் தொடக்கத்தில் நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. 20 நாள் கழித்து, நாங்கள் அவருடைய குவளையை எடுக்கவே இல்லை என்றது. மறுபடி தேதி தள்ளிப்போனது. நாட்டில் யார் யாரோ, முகம் தெரியாத மக்கள், அவர் அடைக்கப்பட்டிருந்த தலோஜா சிறை முகவரிக்குக் கூரியரில் சிப்பர் வாங்கி அனுப்பினார்கள். ஒரு கிழவருக்குத் தண்ணீர் குடிக்க ஒரு பிளாஸ்டிக் குவளை. அதற்கு இத்தனை மனு, இத்தனை வாய்தா. சிலுவையில் தொங்கியபோது தாகமாயிருக்கிறது என்று சொன்னவரை வணங்குகிற நமக்கு, இந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கே எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் வெளிவந்தன. அதில் ஒன்றை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதே வழக்கில் உள்ளே இருந்த அருண் பெரேரா காலையும் மதியமும் சாப்பிட உதவுகிறார், வெர்னன் கொன்சால்வஸ் குளிக்க உதவுகிறார், அறையில் கூட இருக்கும் இரண்டு கைதிகள் இரவுச் சாப்பாட்டுக்குக் கைகொடுக்கிறார்கள், துணி துவைத்துக் கொடுக்கிறார்கள், முழங்காலை அமுக்கி விடுகிறார்கள், அவர்கள் ரொம்ப ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், அவர்களுக்காக மன்றாடுங்கள் என்று எழுதியிருக்கிறார். அவருக்காகத்தான் ஊரெல்லாம் மன்றாடிக்கொண்டிருந்தது, அவரோ அந்தப் பையன்களுக்காக மன்றாடச் சொல்கிறார். விசாரணைக் கைதிகளில் பலருக்குத் தங்கள் மேல் என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாது என்று வேறொரு கடிதத்தில் எழுதினார். கூண்டில் இருந்தாலும் நாங்கள் சேர்ந்து பாடுவோம் என்றார். விசுவாசம் வேறு, சமூகப் பணி வேறு என்று பிரிக்கிறவர்கள் இந்தக் கடிதத்தில் எந்த வரி விசுவாசம், எந்த வரி சமூகப் பணி என்று எனக்குக் கோடு போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும்.

2021 மார்ச் 22 அன்று சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. சமூகத்தின் கூட்டு நலனுக்கு முன்னால் அவருடைய தனிமனித சுதந்திரமும் வயதும் நோயும் எடுபடாது என்பது தீர்ப்பின் சாரம். மே மாதம் மும்பை உயர் நீதிமன்றத்தில் காணொளி வழியாகப் பேசினார். இங்கே வரும்போது நானாகச் சாப்பிட்டேன், நடந்தேன், குளித்தேன், எழுதவும் முடிந்தது, ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, அரசு மருத்துவமனை வேண்டாம், என் மக்களோடு இருக்க விடுங்கள், இல்லாவிட்டால் இங்கேயே செத்துப்போகிறேன் என்றார். அந்த மாதக் கடைசியில் பாந்த்ராவில் உள்ள திருக்குடும்ப மருத்துவமனைக்கு மாற்றினார்கள், கொரோனா தொற்று உறுதியானது. ஜூலை 5 மதியம், அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அதே நாளில், அவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை, விசாரணையே தொடங்கவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்சனல் என்ற கணினித் தடய ஆய்வு நிறுவனம், வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் கணினியின் நகலை ஆராய்ந்து, ஆதாரம் என்று காட்டப்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து ஊடுருவி வைக்கப்பட்டவை என்று அறிக்கை கொடுத்தது. அவர் பெயரிலுள்ள களங்கத்தை நீக்கக் கோரி அவருடைய சபையினர் மும்பை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். தமிழ்நாட்டில் தர்மபுரி மாவட்டத்தில் சொந்தப் பட்டா நிலத்தில் அவருக்கு ஒரு கல்தூண் வைப்பதற்குக்கூட அதிகாரிகள் தடை போட்டு, 2025ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

இதுவரை எழுதியதை நம் கத்தோலிக்கர்கள் படித்தால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். இனி எழுதப் போவதுதான் கசக்கும்.

அவர் உயிரோடு இருந்தபோது நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? தெரிந்தவர்களிலும் ஒரு பகுதியினர், இவரால் நம் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிரச்சினை வரும், வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எப்.சி.ஆர்.ஏ. உரிமம் போய்விடும் என்று ஒதுங்கியவர்கள்தான். நான் பொதுவாகச் சொல்லவில்லை, இந்தப் பேச்சை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். இறந்த பிறகு மெழுகுவர்த்தி ஏந்தினோம், படத்தைப் பெரிதாக அச்சடித்தோம், அஸ்திக் கலசம் வந்தபோது வரிசையில் நின்று மலர் தூவினோம். செத்தவரை வணங்குவதில் ஆபத்து எதுவும் இல்லை. இறைவாக்கினர்களுக்குக் கல்லறை கட்டி அழகுபடுத்துகிறீர்களே என்று இயேசு பரிசேயரைக் கடிந்துகொண்டது இதைத்தான்.

அவர் பெயரைச் சொல்கிற தகுதி நமக்கு வர வேண்டுமானால் முதலில் நம் வீட்டுக்குள் பார்க்க வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களை ஒரு பக்கம், மற்றவர்களை ஒரு பக்கம் என்று பிரித்து ஒரு சுவர் நின்றது நாடறிந்த விஷயம். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் மக்கள் தனிப் பங்கு, அதாவது தங்களுக்கென்று தனிக் கோயிலும் குருவும் கேட்டதை ஒட்டி எழுந்த கலவரம் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து இரண்டு உயிர் போனது. இருபக்கமும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், இருபக்கமும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையே ஓர் ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது பாவம் என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்தில்கூட, அதாவது பாவசங்கீர்த்தனத்தில்கூட, பாவத்தைச் சொன்னதோடு ஆயிற்றா? பரிகாரம் செய்ய வேண்டாமா?

நான் நன்றாக அறிந்த ஒரு பங்கைப் பற்றி எழுதுகிறேன், பெயர் வேண்டாம். அங்கே திருவிழாவுக்கு வரி வசூலிக்க வீடு வீடாகப் போவார்கள். தலித் தெருவுக்கு மட்டும் போக மாட்டார்கள். ஏழைகள், அவர்களுக்குச் சுமை வேண்டாம் என்று காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். வரி வாங்கினால் அவர்களும் வரிகாரர் ஆகிவிடுவார்கள், வரிகாரர் ஆனால் தேர் அவர்கள் தெருவுக்கும் வர வேண்டும், கொடியேற்றத்தில் மரியாதை கொடுக்க வேண்டும், பங்குப் பேரவையில் இடம் கொடுக்க வேண்டும். பணத்தை மறுத்து உரிமையை மறுக்கிற தந்திரம் இது. ஓர் ஆண்டு அந்தத் தெருவைச் சேர்ந்த ஒரு பெரியம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், தெருக்காரர்களிடம் தானே வசூல் செய்து ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கூட்டத்தில் மேசைமேல் வைத்தார். "எண்ணிப் பாத்துக்கங்க சாமி, ரசீது குடுங்க" என்றார். யாரும் பையைத் தொடவில்லை. பங்குச்சாமி இதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். அந்த அம்மா ரசீது வாங்காமல் பையை எடுக்க மாட்டேன் என்று எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தார்.

பழங்குடிக்காக ராஞ்சியில் நின்ற ஸ்டேன் சுவாமியும் ரசீதுக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவும் செய்தது ஒரே வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த அம்மாவுக்கு ஆயர் மாமன்றம் தெரியாது, நான்காம் ஆணை தெரியாது. கடவுள் முன்னால் நான் ஒரு பங்கு குறைந்தவள் இல்லை என்பது தெரியும். வலியோரை அரியணையிலிருந்து இறக்கித் தாழ்ந்தோரை உயர்த்தினார் என்று மரியா பாடியதை ஒவ்வொரு மாலையும் செபத்தில் பாடுகிற துறவிகளும் குருக்களும் அந்தக் கூட்ட அறையில் யார் பக்கம் உட்கார வேண்டும் என்பதில் சந்தேகம் வந்திருக்கக் கூடாது.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 10 அன்று கறுப்பு நாள் அனுசரிக்கிறோம். 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்றது. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007ல் சாதகமாகப் பரிந்துரைத்தும் நடக்கவில்லை. இது அப்பட்டமான அநீதி, இதற்காக ஆயர்கள் தெருவில் இறங்கி நிற்பது சரி, நானும் நிற்கிறேன். அதே வேகத்தோடு நம் கல்லறைச் சுவர்களுக்கு முன்னாலும் நின்றால்தானே தில்லியில் நம் பேச்சு எடுபடும்? மதம் மாறினாலும் சாதி போகவில்லை என்பதற்கு நம்மிடம் உள்ள மிகப் பெரிய ஆதாரம் நம் சொந்தக் கல்லறைத் தோட்டம் என்பது வெட்கக்கேடு.

வீட்டு விஷயத்தைப் பொதுப் பத்திரிகையில் எழுதலாமா, இது நம் எதிரிகளுக்கு உதவாதா என்று சிலர் என்னிடம் கேட்பார்கள். கேட்கட்டும். எதிரிகளுக்கு உதவுவது அந்தச் சுவர், அதைப் பற்றி எழுதுகிற கடிதம் இல்லை. சிறுபான்மையினர் நெருக்கடியில் இருக்கும் காலத்தில் ஒற்றுமைதான் முக்கியம் என்பார்கள். ஒற்றுமையின் பெயரில் எப்போதும் வாயை மூடச் சொல்லப்படுவது யார் என்று பார்த்தால் போதும்.

முதல் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும், அவர் கேட்டது நேர்மையான கேள்வியாகவே இருக்கலாம். பாதிரியார்கள் ஓட்டுக் கேட்கக் கூடாது, கட்சிக்காரர்களுக்கு மேடை போடக் கூடாது என்று அவர் சொன்னால் நானும் அவர் பக்கம். தேர்தல் நேரத்தில் வேட்பாளருக்குச் சால்வை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் மதத் தலைவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள், அது அதிகாரத்தோடு ஒட்டிக்கொள்ளும் வேலை. அதிகாரத்தின் எதிரில் நின்று, ஆதாயம் எதுவும் இல்லாமல், இருக்கும் உயிரையும் கொடுத்த ஒருவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அவர் எந்தக் கட்சியிலும் பதவி கேட்கவில்லை. அவர் பேசிய மக்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்களும் இல்லை. அவர்களை மதம் மாற்றவும் அவர் வேலை செய்யவில்லை, அவர்களுடைய நிலம் அவர்களிடமே இருக்க வேண்டும் என்றுதான் வேலை செய்தார்.

கடைசியாக மூன்று கோரிக்கைகள். தமிழக ஆயர்கள் தங்கள் மறைமாவட்டங்களில் எங்கெங்கே கல்லறை பிரிந்திருக்கிறது, எங்கெங்கே தேர் சில தெருக்களுக்குப் போவதில்லை, எங்கெங்கே வரி வாங்க மறுக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து வெளியிட வேண்டும், கூடவே அதைச் சரிசெய்ய ஒரு தேதியையும் சொல்ல வேண்டும். விசாரணைக் கைதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் கிறிஸ்தவ வழக்கறிஞர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், பங்குகளில் திருவிழா வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும். உங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை: ஆண்டுக்கு ஒருநாள் ஸ்டேன் சுவாமியின் படத்தைப் போடுவதோடு நிறுத்தாமல், பெயரில் உள்ள களங்கத்தை நீக்கக் கோரும் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தொடர்ந்து செய்தி வெளியிடுங்கள். ஜார்கண்ட் சிறைகளில் அவர் யாருக்காக வழக்குப் போட்டாரோ அந்த இளைஞர்கள் என்ன ஆனார்கள் என்று உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி எழுதுங்கள். நாங்கள் படிக்கிறோம்.

இப்படிக்கு,
லால்குடி வட்டத்திலிருந்து ஒரு கத்தோலிக்க வாசகர்